மாட்டைக் கூட்டச் சொன்னீர்கள், கூட்டினோம்: பிரசல்ஸுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கையை எழுதுகிறவர்களுக்கும், அதற்குக் கை உயர்த்தப்போகும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

2028 முதல் 2034 வரையான வரவுசெலவுத் திட்டத்தை 2025 ஜூலையில் முன்வைத்தீர்கள். இதுவரை தனியாக இருந்த வேளாண் நிதியை மற்ற நிதிகளோடு ஒரே பெட்டியில் போட்டு, ஒவ்வொரு நாடும் தன் திட்டத்தைத் தானே எழுதிக்கொள்ளட்டும் என்கிறீர்கள். இப்போதைய காலத்துக்கு 387 பில்லியன் யூரோ. வரப்போவதில் விவசாயிகளின் வருமானத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது 300 பில்லியன். அந்தத் தொகைக்காகச் சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள், நான் அதற்கு எழுதவில்லை. பால் மிஞ்சிப்போகும்போது யார் நிறுத்துவது, நிறுத்தாவிட்டால் அந்த நட்டம் யார் தலையில் விழுவது என்று கேட்கத்தான் எழுதுகிறேன். 2015இல் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல், பாலுக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துக் கதவைத் திறந்தீர்கள். அதன் பலனை நான் கிட்ட நின்று பார்த்தவன்.

நான் விவசாயி இல்லை, பண்ணையாள். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் ஒருவன். 1989இல் மேற்கு யூட்லாந்தில், ஹெர்னிங்கிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு பால் பண்ணையில் வேலைக்குப் போனேன். ஊரில் எங்கள் வீட்டில் இரண்டு மாடு நின்றது. அதைச் சொல்லித்தான் வேலை கேட்டேன். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை நாலரைக்கு வரச் சொன்னார். அதே பண்ணையில் 28 வருடம் வேலை செய்தேன். அவரைப் பெரியவர் என்றே இங்கே எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன், மகள் டேனிஷில் மாற்றி அனுப்புவாள். எனக்கு டேனிஷ் தெரியாமல் இல்லை. மாட்டோடும் மாட்டு வைத்தியரோடும் நன்றாகவே பேசுவேன். கோபப்பட்டால்தான் தமிழ் வந்துவிடுகிறது.

நான் சேர்ந்தபோது 52 மாடு, எல்லாம் கட்டுத்தறியில். 1984இல் கொண்டுவந்த பால் கோட்டா அப்போது ஐந்து வருடப் பழசு. ஒரு பண்ணை வருடத்துக்கு இத்தனை கிலோ பால்தான் கொடுக்கலாம், மிஞ்சினால் தண்டம். கடைசிக் காலத்தில் அந்தத் தண்டம் நூறு கிலோவுக்கு 27.83 யூரோ, அதாவது பாலின் விலையே போய்விடும். கோட்டா வருடம் மார்ச்சோடு முடியும். பெப்ரவரி பிறந்தாலே பெரியவர் சமையலறை மேசையில் கடதாசியும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவார். மிஞ்சும் போலிருந்தால் கன்றுகளுக்குத் தாராளமாகப் பால் ஊற்றுவோம், சினை மாடுகளை ஒரு வாரம் முந்தி வற்றவைப்போம். பிராண்டே அபிராமி அம்மன் கோவிலுக்கு நான் ஒரு கான் பால் கொண்டுபோனதும் அப்படி ஒரு மார்ச் மாதத்தில்தான். உங்கள் சாமிக்கு ஒரு கான் போதுமா என்று பெரியவர் கேட்டார்.

கோட்டா நல்லது, அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று எழுதப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதில் இருந்த கோளாறுகளும் எனக்குத் தெரியும். பால் கறக்கிற உரிமையையே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. டென்மார்க்கில் அதற்கென்று ஒரு சந்தையே நடந்தது. தொழிலை விட்டுப் போகிறவர் உரிமையை விற்றுவிட்டு ஓய்வெடுப்பார், தொழிலுக்கு வருகிற இளைஞன் அதைக் கடனில் வாங்குவான். பெரியவரும் வாங்கினார். 1999இல் 90 மாட்டுக்குத் திறந்த கொட்டில் கட்டியபோது, கொட்டிலுக்கு ஒரு கடன், கோட்டாவுக்கு ஒரு கடன். அந்த முறை நியாயமானது என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ஆனால் அதில் ஒரு தடை இருந்தது. வண்டியில் பிரேக் சத்தம் போடுகிறது என்று பிரேக்கையே கழற்றிவிட்டீர்கள்.

ஒரே நாளில் கழற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வெண்ணெய்க்கும் பால்மாவுக்குமான ஆதரவு விலையை வெட்டினீர்கள். வெண்ணெய்க்கு 25 சதவீதம், பால்மாவுக்கு 15 சதவீதம். மானியத்தைப் பாலிலிருந்து பிரித்து நிலத்தோடு கட்டினீர்கள். 2008இல் கோட்டாவை வருடம் ஒரு சதவீதமாக ஐந்து வருடம் கூட்டி, பிறகு ஒழிப்பது என்று முடிவானது. விமானம் மெதுவாகத் தரையிறங்குவது போல் என்றீர்கள். 2009இலேயே விலை விழுந்தது. பெல்ஜியத்தில் சினே என்ற ஊருக்கு அருகே விவசாயிகள் முப்பது லட்சம் லீட்டர் பாலை வயலில் ஊற்றினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். பால் தரையில் ஓடுவதை அவரால் பார்க்க முடியாது, வாளியில் மிஞ்சின அரை லீட்டரையே பூனைக்கு ஊற்றுகிற ஆள். விமானம் தரையிறங்க முன்பே இப்படியென்றால் இறங்கின பிறகு என்ன நடக்கும் என்று யாராவது கேட்டிருக்கலாம். 2012இல் எழுத்து மூல ஒப்பந்தம், விவசாயிகள் சேர்ந்து பேரம் பேசும் உரிமை என்று ஒரு பொதி வந்தது. நாங்கள் பால் கொடுத்த நிறுவனமோ ஏற்கெனவே விவசாயிகளின் கூட்டுறவு. எங்கள் பக்கத்தில் அதனால் ஒன்றும் மாறவில்லை.

2013 கடைசியில் பால் விலை நன்றாக இருந்தது, கிலோவுக்கு 40 சதத்தைத் தொட்டது. அந்தக் குளிர்காலத்தில் பெரியவரின் சமையலறையில் நடந்த ஒரு கூட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வங்கியிலிருந்து ஒருவர், பண்ணை ஆலோசகர் ஒருவர், பெரியவர், அவர் மனைவி. கோப்பி கொடுக்கப் போன என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஆலோசகர் மடிக்கணினியில் படங்களைக் காட்டினார். சீனாவில் பால் குடிப்பவர்கள் கூடுகிறார்கள், 2015இல் கோட்டா போகிறது, அப்போது தயாராக நிற்பவன்தான் பிழைப்பான் என்றார். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த கதை இல்லை. ஐரோப்பா முழுவதும் அரசுகளே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அயர்லாந்து 2020க்குள் பால் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டுவது என்று இலக்கே வைத்தது. பெரியவரின் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: எல்லாரும் கூட்டினால்? வங்கிக்காரர் சிரித்தார். வளர்ந்துவரும் சந்தை என்றார்.

90 மாடு 160 ஆனது. கொட்டிலின் நீட்டிப்பு வேலை 2014 இலையுதிர்காலத்தில் முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஓகஸ்டில், உக்ரேன் விவகாரத்தில் போட்ட தடைகளுக்குப் பதிலடியாக ரஷ்யா ஐரோப்பியப் பால் பொருள்களை வாங்குவதை நிறுத்தியிருந்தது. ஒன்றியம் வெளியே அனுப்பிய சீஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவரை ரஷ்யாவுக்குத்தான் போனது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் பிராங் ஒரே நாளில் ஏறியது. குறைந்த வட்டி என்று டென்மார்க் விவசாயிகள் பலரைப் போலப் பெரியவரும் கடனில் ஒரு பகுதியைப் பிராங்கில் எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆள் எனக்கு சுவிஸ் காசு ஏன் ஏறியது என்று அவரால் விளக்க முடியவில்லை. அவருக்கே விளங்கவில்லை.

2015 ஏப்ரல் முதலாம் திகதி கோட்டா இல்லாத முதல் நாள். பெரியவர் கேக் வாங்கி வந்தார். எல்லாரும் சாப்பிட்டோம். கடன் வாங்கி வாங்கிய கோட்டா அன்றோடு வெறும் கடதாசி. கடன் மட்டும் கடதாசியாகவில்லை.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நடந்ததை உங்கள் சந்தைக் கண்காணிப்பகத்தின் வரைபடங்களில் நீங்களே பார்க்கலாம். 2016 ஜூலையில் ஒன்றியத்தின் சராசரி விலை கிலோவுக்கு 26 சதத்துக்கும் கீழே. எங்கள் பண்ணைக்கு அது என்ன அர்த்தம் என்று நான் சொல்கிறேன். 160 மாடு, ஒரு மாடு வருடத்துக்கு ஏறக்குறைய 9,000 கிலோ. மொத்தம் 14 லட்சத்து 40 ஆயிரம் கிலோ. 40 சதத்தில் போட்ட திட்டத்துக்கும் 26 சதத்துக்கும் இடையில் வருடத்துக்கு இரண்டு லட்சம் யூரோ. என் சம்பளம், தீவனம், மின்சாரம், வைத்தியர், இதில் எதைக் குறைத்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

விலை இறங்கினால் உற்பத்தி தானாகக் குறையும் என்று உங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும். கொட்டிலில் நேர் எதிராகத்தான் நடந்தது. கடன் தவணை மாதாமாதம் அதே தொகை. ஒரு கிலோவுக்குக் கிடைப்பது குறைந்தால் கூடுதல் கிலோ கறந்தால்தான் தவணை கட்டலாம். ஆகவே இன்னும் ஐந்து நாகுகளைக் கறவைக்குக் கொண்டுவந்தோம். பக்கத்துப் பண்ணையும் அதையே செய்தது, பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்தவர்களும் செய்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் கொட்டிலுக்குச் சரியானதைச் செய்ய, எல்லாருமாகச் சேர்ந்து விலையை இன்னும் கீழே தள்ளினோம். இது தொழிற்சாலை இல்லை, பொத்தானை அமத்தி நிறுத்த. பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, சந்தை நிலவரமும் தெரியாது. கறந்த பால் மடியேறாது என்பார்கள் ஊரில்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 2015 செப்டெம்பரில் 500 மில்லியன் யூரோ உதவி. அப்புறம் மிஞ்சிய பாலைப் பால்மாவாக்கித் தொன் 1,698 யூரோவுக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கினீர்கள். வாங்கும் உச்ச அளவை இரண்டு தடவை உயர்த்தி 350,000 தொன்னாக்கினீர்கள். கிடங்கு நிறைந்தது. அதை விற்று முடிக்க 2019 ஆயிற்று. அவ்வளவு பால்மா தலைக்கு மேல் தொங்குகிறது என்று தெரிந்த வியாபாரி எவன் கூட விலை கொடுப்பான்? 2017 ஜனவரியில் விவசாயிகள் பிரசல்ஸில் உங்கள் கட்டடங்களின் மேல் பால்மாவை ஊதி வெள்ளையாக்கினார்கள். அது கோமாளித்தனம் என்று இங்கே சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் பொருளை உங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றை நீங்கள் சரியாகச் செய்தீர்கள், அதனால்தான் இந்த மடலே. 2016 ஜூலையில் அறிவித்த இரண்டாவது 500 மில்லியனில் 150 மில்லியனை ஒதுக்கி, பாலைத் தானாக முன்வந்து குறைப்பவருக்குக் குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 14 சதம் கொடுப்பதாகச் சொன்னீர்கள். போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டுக் கணக்கு. விண்ணப்பப் படிவத்தை நானும் பெரியவரும் சேர்ந்து நிரப்பினோம். பழைய மார்ச் மாதத்து வித்தைகள் எல்லாம் திரும்ப வந்தன. கன்றுகளுக்குப் பால்மாக் கரைசலை நிறுத்தித் தாய்ப்பாலே கொடுத்தோம். சினை மாடுகளை முந்தி வற்றவைத்தோம், அடர்தீவனத்தைக் குறைத்தோம். பத்துக்கு ஒன்று என்று குறைத்ததில் மூன்று மாதத்தில் 36,000 கிலோ குறைந்தது, 5,040 யூரோ வந்தது. பெரிய காசில்லை. ஆனால் தீவனச் செலவும் கூடவே இறங்கியது. மாடுகளுக்குக் கொஞ்சம் ஓய்வு, மடிநோய் குறைந்தது. எனக்கும் காலையில் அரை மணி நேரம் மிச்சம்.

ஒன்றியம் முழுக்க 40,000க்கும் மேற்பட்ட பண்ணைகள் இதில் சேர்ந்தன, எட்டு லட்சம் தொன்னுக்கும் மேல் பால் குறைந்தது. அந்த வருடம் முடிவதற்குள் விலை 30 சதத்தைத் தாண்டியது. இந்தத் திட்டம் மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். வேறு இடங்களிலும் பால் குறைந்திருந்தது. ஆனால் ஒரு பக்கம் கிடங்கு நிறையப் பால்மாவை வாங்கி வருடக்கணக்கில் விலையை அமுக்கி வைத்தது, இன்னொரு பக்கம் 150 மில்லியனில் பாலே வராமல் தடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால் மாட்டின் மடியை விட்டு வெளியே வருவதற்கு முன் செலவழித்த காசுதான் மலிவு. இதைக் கண்டுகொண்ட பிறகும் அந்தத் திட்டத்தைச் சட்டத்தில் நிரந்தரமாக வைக்காமல் அவசரத்துக்கு வந்த விருந்தாளி போல் வழியனுப்பிவிட்டீர்கள்.

எங்கள் பண்ணைக்கு அது பிந்திவிட்டது. 2017 மார்ச்சில் வங்கி கையை விரித்தது. மாடுகளை ஏற்ற இரண்டு லொறி வந்தது. எந்த மாடு எந்த லொறியில் என்ற பட்டியல் என் கையில் இருந்தது, காது இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். நல்ல கறவைகளைத் தெற்கே ஒரு பெரிய பண்ணை எடுத்தது. பன்னிரண்டு வயது மாடு ஒன்று இருந்தது, வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கமுள்ளது. அது இரண்டாவது லொறியில், இறைச்சிக்கு. பெரியவர் அன்று கொட்டிலுக்கு வரவில்லை. மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது வெறும் கறவைக்கூடத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். இனி அங்கே ஒருவரும் கறக்கப்போவதில்லை. நான் இன்னொரு குழாயை எடுத்து மறுபக்கத்திலிருந்து கழுவ ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

தப்பு முழுக்க உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. பெரியவரும் ஆசைப்பட்டார், வங்கி தள்ளிவிட்டது, ஆலோசகர் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். ஆனால் எல்லாரும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்ற கொடியை அசைத்தது கொள்கை. நெதர்லாந்தைப் பாருங்கள். அங்கேயும் 2015ஐ நம்பிக் கொட்டில் கட்டினார்கள். மாடு கூடியதும் சாணத்தில் போகும் பாஸ்பேட் ஒன்றியத்தின் வரம்பைத் தாண்டியது. உடனே 2015 ஜூலை 2 அன்று கொட்டிலில் எத்தனை மாடு நின்றதோ அதுதான் கணக்கு என்றார்கள், 2018இல் பாஸ்பேட் உரிமை முறை வந்தது. கோட்டா போய் மூன்று வருடத்தில் வேறு பெயரில் இன்னொரு கோட்டா. கொட்டிலைக் கட்டி முடித்து, மாடு வாங்க இருந்தவன் கதி? கடனோடு வெறும் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டென்மார்க்கில் இப்போது மாடு விடும் வாயுவுக்கு வரி. 2030இலிருந்து தொன்னுக்கு 300 குரோனர், 2035இல் 750, அதில் 60 சதவீதம் தள்ளுபடி. இதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. லீம்ஃபியோர்ட் கடற்கழியில் கோடையில் ஒட்சிசன் இல்லாமல் அடித்தரை செத்துக் கிடப்பதை இங்கே இருக்கும் எல்லாரும் அறிவார்கள், அதில் எங்கள் சாணக்குழம்புக்கும் பங்கு இருக்கிறது. என் கேள்வி எளிமையானது. 2014இல் கூட்டு என்றீர்கள், பத்து வருடம் கழித்துக் குறை என்கிறீர்கள். கூட்டியதற்கு வாங்கிய கடன் முப்பது வருடக் கடன். கொள்கைக்கு ஆயுள் ஏழு வருடம், கொட்டிலுக்கு முப்பது. இந்த இடைவெளியில் நசுங்குகிறவனைப் பற்றி எந்த ஆவணத்திலும் ஒரு பத்தியாவது இருக்கிறதா?

மிஞ்சிய பால் எங்கே போகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். கொழுப்பை வெண்ணெயாக்கி இங்கே நல்ல விலைக்கு விற்கிறோம். மிச்சப் பால்மாவில் பாம் எண்ணெய் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறோம். அங்கே இறக்குமதி வரி ஐந்து சதவீதம்தான். செனகலிலும் புர்கினா பாசோவிலும் மாடு வளர்ப்பவனால் அந்த விலையோடு போட்டி போட முடியாது. முன்பும் ஐரோப்பாவில் பால் மிஞ்சியது. 1970இல் இந்தியாவில் வெண்மைப் புரட்சி தொடங்கியபோது உலக உணவுத் திட்டம் வழியாகப் பால்மாவும் வெண்ணெய் எண்ணெயும் இங்கிருந்து இனாமாகப் போயின. அந்தப் புரட்சியை நடத்திய வர்கீஸ் குரியன் அதை உள்ளூர்ச் சந்தையில் கொட்டி விவசாயியின் விலையைக் கெடுக்கவில்லை. விற்ற காசில் அந்த விவசாயிகளுக்கே கூட்டுறவுகளைக் கட்டினார். வாங்குகிற கை புத்தியுள்ளதாக இருந்ததால் அது நல்லதாக முடிந்தது. ஒவ்வொரு தடவையும் குரியன் கிடைக்க மாட்டார்.

நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் 450 மாடு. என்னோடு வேலை செய்கிறவர்கள் ருமேனியாவிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் வந்த பிள்ளைகள். டென்மார்க்கில் இன்று மூவாயிரத்துக்கும் குறைவான பால் பண்ணைகள்தான் மிச்சம், சராசரியாக ஒரு பண்ணைக்கு 200 மாட்டுக்கு மேல். 2005க்கும் 2020க்கும் இடையில் ஒன்றியத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் காணாமல் போயின. நேரடி மானியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் 20 சதவீதம் பேருக்குப் போகிறது என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அப்படித்தான் போகும். அந்தக் காசு நிலத்தின் விலையில் போய் ஏறி உட்கார்ந்தது, நிலம் இல்லாத இளைஞனுக்குப் பண்ணை இன்னும் எட்டாமல் போனது. ஒன்றியத்தில் பண்ணை நடத்துகிறவர்களில் 40 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 12 சதவீதம்தானாம். பெரியவரின் மகன் இப்போது காற்றாலை பழுதுபார்க்கிறான். சந்தோஷமாக இருக்கிறான், சனி ஞாயிறு லீவு.

பண்ணையாளைப் பற்றி உங்கள் கொள்கை வாய் திறந்ததே 2023இல்தான். தொழிலாளர் சட்டத்தை மீறுகிற பண்ணைக்கு மானியத்தை வெட்டலாம் என்று அப்போதுதான் முதன்முதலாக எழுதினீர்கள். கட்டாயமானது 2025இல். 1989இலிருந்து கறக்கிற எனக்கு இது கொஞ்சம் பிந்திய மரியாதை, சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

2022 கடைசியில் பால் விலை சரித்திரத்தில் இல்லாத அளவுக்கு ஏறியது. 2025 இலையுதிர்காலத்தில் வெண்ணெய் விலை மளமளவென்று இறங்கியது. கோப்பி நேரத்தில் திரும்பவும் 2016 என்ற பேச்சு. வரப்போகும் ஏழு வருடச் சட்டம் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஆகவே கேட்கிறேன்.

2016இல் நீங்கள் செய்ததை நிரந்தரமாக்குங்கள். பால் விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே குறிப்பிட்ட அளவு இறங்கினால், அமைச்சர்கள் கூடிப் பேசி முடிக்கும்வரை காத்திராமல், தானாக முன்வந்து குறைப்பவருக்கான திட்டம் தானே தொடங்க வேண்டும். அது தொடங்கிய பிறகே பால்மா வாங்கும் கிடங்குக் கதவு திறக்கட்டும். அந்தத் திட்டம் நடக்கும் மாதங்களில் தாங்கள் மட்டும் பாலைக் கூட்டிக்கொள்கிறவர்களிடம் ஒரு பங்கு அறவிட்டு, குறைக்கிறவர்களுக்கான காசில் சேருங்கள்.

உற்பத்திச் செலவு என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள். கண்காணிப்பகம் விலையை வெளியிடும் அதே பக்கத்தில், பண்ணைக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் உழைப்புக்கும் கூலி போட்ட செலவுக் கணக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் வர வேண்டும். பெரியவரின் மனைவி 30 வருடம் கன்று பார்த்தார். எந்தக் கணக்கிலும் அவர் பெயரில் ஒரு குரோனர்கூட எழுதப்படவில்லை.

ஒரு பண்ணைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இல்லை என்று ஜூலைத் திட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். போன சுற்றிலும் இதே உச்சவரம்பு வந்தது, பேரம் பேசிப் பேசி அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள். இந்தத் தடவை கட்டாயமாக இருக்கட்டும். ஒரே குடும்பம் பண்ணையை நாலு கம்பனியாகப் பிரித்து நாலு தடவை வாங்குவதையும் தடுங்கள். மிஞ்சும் காசை ஹெக்டேருக்குக் கொடுக்காமல், அங்கே முழு நேரம் வேலை செய்கிற ஆள் கணக்கில் கொடுங்கள். பண்ணையாளும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்.

காலநிலைக்காக மாட்டைக் குறைக்கச் சொன்னால், கடனையும் சேர்த்துப் பேசுங்கள். 2008க்கும் 2015க்கும் இடையில், கோட்டா போகிறது என்று கட்டிய கொட்டில்களின் கடனை மறுசீரமைக்க ஒன்றிய நிதியிலிருந்து உத்தரவாதம் வேண்டும். இது நாடுகள் தங்கள் திட்டத்தில் விரும்பினால் எழுதலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்று இருக்கக் கூடாது.

கடைசியாக, வாக்கெடுப்புக்கு முன் உங்களில் யாராவது ஒருவர் ஒரு பால் பண்ணைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்குக் கமெராக்காரர்களோடு வேண்டாம், காலை நாலரைக்கு. சப்பாத்து இங்கே இருக்கிறது, எல்லா அளவிலும்.

பதிலை டேனிஷிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், மகள் வாசித்துச் சொல்வாள். தொலைபேசி என்றால் ஒன்பதரைக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன் கறவைக்கூடத்தில் மோட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்காது.

மேற்கு யூட்லாந்திலிருந்து,
பால் கறக்கும் ஒருவன்